திருத்தத்துக்குக் கீழே

பதினொன்றரைக்கு விசாரணை, விசாரணை என்று அதற்குப் பெயர் வைத்ததே அதிகம், துணைப்பதிவாளர் குற்றாலிங்கத்தின் அறையில் நாற்காலி போட்டு அந்தப் பெண்ணைப் பேசவிட்டு, என்னைப் பேசவிட்டு, நடுவில் ஒரு டீ வரவழைத்துக் குடிப்பார்கள், அவ்வளவுதான். இப்போது மணி பத்து நாற்பது. அதற்குள் நான் செய்ய வேண்டியது ஒரே ஒரு பக்கத்தை அச்செடுப்பது. எனக்குப் பயம் என்று எவனாவது சொன்னால் முகத்துக்கு நேரே சிரிப்பேன். பதினோரு வருஷமாக இந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன், ஆவுடையப்பன் இல்லையென்றால் இங்கே எந்த அறிவிப்பும் ஏறாது, எந்த முடிவும் வெளிவராது, இது பதிவாளருக்குத் தெரியும், துணைவேந்தருக்குத் தெரியும், விளாத்திகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் சண்முகக்கனிக்கு மட்டும் தெரியாது. பி.எட். கடைசிச் சுற்றுக் கலந்தாய்வு வெள்ளிக்கிழமை என்று முதலில் போட்டிருந்தோம். பிறகு வியாழக்கிழமைக்கு மாற்றினோம், திருத்தத்தை நானே என் கையால் ஏற்றினேன். மகாராணி வெள்ளிக்கிழமை வந்து பூட்டிய அரங்கைப் பார்த்துவிட்டுப் போய், திருத்தம் என்ற தலைப்பு மட்டும்தான் இருந்தது, கீழே ஒன்றுமே இல்லை என்று துணைவேந்தருக்கு மனு எழுதிவிட்டாள். துணைவேந்தரும் அதன் ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருக்கிறார், தவறு அலுவலகத்தினுடையது என்றால் ஒரு கூடுதல் இடம் திறந்து இவருக்குத் தரலாம், இல்லையென்றால் மனுவை முடித்துவிடலாம். முடித்துவிடலாம், அதற்குத்தானே இந்த அச்சு.

கீழே ஒன்றுமே இல்லையாம். இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக இதே பாட்டு, சார் பேஜ் பிளாங்கா இருக்கு, சார் திருத்தம் தெரியல, சார் ப்ளீஸ், ப்ளீஸுக்குப் பின்னால் ஆறு கும்பிடு போட்ட கைப்படம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எல்லாருக்கும் கையில் பளபளவென்று ஒரு போன், அதில் விரிசல் விழுந்த கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் சினிமாக்காரன் படம், அதில் ஒரு அறிவிப்பை முழுசாகப் படிக்க ஒருத்தனுக்கும் பொறுமை கிடையாது, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு இல்லை என்பான். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் வைத்துக்கொள்வதில்லை, என்னுடையது பொத்தான் போன், பேச மட்டும். படிப்பதென்றால் மேஜைமேல் இருக்கும் இந்தக் கணினி, இதில் தெரிகிறதா, தெரிகிறது, அப்போது உலகத்துக்கே தெரிகிறது என்றுதான் அர்த்தம். இப்படி எழுதுகிறவர்களுக்காகவே ஒரு பதிலைச் செதுக்கி வைத்திருக்கிறேன், ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லாமல், தங்கள் கருவியில் உள்ள குறைபாட்டுக்கு அலுவலகம் பொறுப்பாகாது, அறிவிப்பை நிதானமாகப் படிக்கவும். நிதானமாக என்ற சொல்லில்தான் இருக்கிறது விஷயம், அதை எழுதி முடித்த அன்று ஒரு ஸ்ட்ராங் காபி குடித்தேன். திருத்தம் என்பது எங்கள் அலுவலகத்தில் தனிப் பிறவி. புது அறிவிப்பு என்றால் கோப்பு வைக்க வேண்டும், நாலு கையெழுத்து வேண்டும், ஒரு வாரம் போய்விடும். அதனால் மேலே இருப்பவர் வாய்வழியாகச் சொல்வார், நான் பழைய அறிவிப்பைத் திறந்து, திருத்தம் என்று ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பு வந்து உட்காரும், கீழே நானே டைப் அடித்துச் சேமித்துவிடுவேன், இரண்டு நிமிஷம். இந்த வழியைக் கண்டுபிடித்தது நான்தான், இதற்காக ஒரு பதிவாளர் என்னைத் தோளில் தட்டியிருக்கிறார். இந்தக் கலந்தாய்வுக்கும் எழுபத்திரண்டு பேரில் அறுபது பேர் வியாழக்கிழமை சரியாக வந்து நின்றார்களே, அவர்களுக்கெல்லாம் என்ன நெற்றியிலா கண், இதையே நான் விளக்கக் கடிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு.

அச்சு வந்துவிட்டது. மேலே பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது, பி.எட். நேரடிச் சேர்க்கை இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கிறது, திருத்தம் என்ற தலைப்பு இருக்கிறது, அதற்குக் கீழே காகிதம். வெறும் காகிதம். அதற்கும் கீழே பதிவாளர் பெயர். இந்தப் பிரிண்டரை வாங்கியவனைக் கூப்பிட்டு முட்டிக்கால் போடச் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று தலையில் கட்டிவிட்டுப் போனான், வந்த நாளிலிருந்து பக்கவாட்டில் கோடு போடும், ஓரத்தைக் கடிக்கும், இப்போது நடுவில் முழுங்கவும் கற்றுக்கொண்டிருக்கிறது. டோனரைக் கழற்றிக் குலுக்கி மாட்டினேன், விரலெல்லாம் கரி. மறுபடி அடித்தேன். முத்திரை, வெள்ளிக்கிழமை, திருத்தம், காகிதம், பதிவாளர். திரையைப் பார்க்கிறேன், திரையில் தெளிவாக இருக்கிறது, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், மேற்கண்ட கலந்தாய்வு நிர்வாகக் காரணங்களால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றப்பட்டுள்ளது, முற்றுப்புள்ளி உட்பட. அப்புறம் காகிதத்தைப் பார்க்கிறேன். பிரிண்டர் கோளாறு என்றால் அது கண்ட இடத்தில் விட வேண்டும், மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். இது எப்படி என் நாலு வரியை மட்டும் அளவெடுத்தாற்போல விடுகிறது என்று ஒரு யோசனை வந்தது. அதை அங்கேயே நிறுத்தினேன், பிரிண்டருக்கு என்ன அறிவா இருக்கிறது, தற்செயல்தான். ஜன்னலுக்கு வெளியே அவள் ஃபைலைத் திறந்து சான்றிதழ்களை வரிசை மாற்றி அடுக்குகிறாள், அடுக்கினதையே மறுபடி அடுக்குகிறாள், அந்தச் சத்தம்கூட எனக்கு எரிச்சலாக இருக்கிறது, பிளாஸ்டிக் உரசுகிற சத்தம்.

கோமதிக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு வருஷம் முழுக்க, அப்பா, போர்டு தெரியலப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இது ஏன் இப்போது வருகிறது என்று தெரியவில்லை, கரி பட்ட விரலை வேட்டியில் துடைக்கப் போய்ப் பேன்ட் என்று ஞாபகம் வந்து நிறுத்தியபோது வந்துவிட்டது. கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளைக்குப் போர்டு தெரியாமல்தான் போகும் என்று எனக்குத் தெரியாதா. ஒருநாள் அவளைக் கதவோரம் நிறுத்தி, எதிர்ச் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைக் காட்டி, வாசி என்றேன். பதினேழு, செவ்வாய், கிருத்திகை, ராகு காலம் மூன்று முதல் நாலரை, கடகடவென்று வாசித்தாள். பார்த்தாயா, எவ்வளவு பொய் என்று அவள் அம்மாவிடம் வெற்றியோடு சொன்னேன். அந்தக் காலண்டரைத் தினமும் காலையில் கிழிக்கிறதே அவள்தான், கிழித்ததும் மனப்பாடம் செய்துகொள்வாள், நான் ஒருநாள் இப்படிக் கேட்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இது பள்ளிக்கூடத்து டீச்சர் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லி, அவளுக்குக் கண்ணாடி போட்டபிறகுதான் வெளியே வந்தது. அதற்காக நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, அப்பன் மகளிடம் என்ன சொல்வது, கண்ணாடிக்கு நல்ல ஃபிரேமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். போனில் அம்மாவிடம்தான் பேசுவாள். என்னிடம் பேச அவளுக்கு நேரம் இருக்காது, வேலை அப்படி.

மூன்றாவது அச்சும் வெள்ளை. பத்து ஐம்பத்தைந்து. புதன்கிழமை சாயங்காலமும் இப்படித்தான் ஒரு ஐம்பத்தைந்து, கிளம்புகிற நேரம், டிபன் கேரியரைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. அந்தக் குரல் இந்தச் சண்முகக்கனியினுடையதுதான் என்று மனுவைப் படித்தபோதே தெரிந்துவிட்டது, விளக்கக் கடிதத்தில் அதை மட்டும் நான் எழுதவில்லை, யாரும் கேட்கவில்லை, எழுதவில்லை. “சார், பி.எட். கவுன்சலிங் பேஜ்ல திருத்தம்னு போட்டுருக்கு சார், கீழ ஒண்ணும் இல்ல, என்ன திருத்தம்னு மட்டும் சொல்லுதீங்களா?” என்றாள். “எதுல பாக்கே?” என்றேன். “போன்ல சார். பக்கத்து வீட்டு அண்ணன் போன்லயும் பாத்துட்டேன்.” எனக்கு அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன்தான் ஆத்திரத்தைக் கிளப்பினான், சாட்சி வைத்துக்கொண்டு பேசுகிறாளாம். “கண்ணத் தொறந்து பாரு. வாத்தியார் வேலைக்குப் படிக்க வாரே, நாலு வரி படிக்கத் தெரியலயா? போன்ல வாசிச்சுக் காட்டுதது என் சோலி கிடையாது” என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்தபின் நன்றாகத்தான் இருந்தது, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுகூடக் கிடைத்தது. வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், இரண்டு சொல், மூச்சு வாங்குகிற நேரம்கூட இல்லை. சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் பழகிவிடுவார்கள், நாளைக்கு எல்லாரும் வாசிக்கச் சொல்வார்கள், அலுவலகம் என்ன குருட்டுப்பள்ளியா. சின்ன ஊர் உதவிபெறும் பள்ளியில் தற்காலிகமாக வேலை பார்க்கிறாளாம், பி.எட். சேர்ந்துவிட்டேன் என்ற காகிதத்தை இந்த மாதம் காட்டினால்தான் அந்த இடம் அவளுக்கு நிற்குமாம், இல்லாவிட்டால் வேறு ஆளாம், மனுவில் இரண்டாம் பக்கம் முழுக்க இதைத்தான் எழுதியிருக்கிறாள். அவ்வளவு அக்கறை இருக்கிறவள் கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் இந்தக் காகிதத்திலும் இல்லையே. நான் கண்ணைத் திறந்துதானே பார்க்கிறேன்.

“ஜெஸிந்தா, ஒன் சிஸ்டத்துல நம்ம சைட்டத் தொற” என்றேன். ஜெஸிந்தா எனக்கு அடுத்த மேஜையில் மூன்று வருஷமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிற பெண், தபால் பதிவதும் முத்திரை குத்துவதும் அவள் வேலை, நான் கூப்பிட்டால் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுதான் பதில் சொல்வாள், அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும், அந்தப் பயத்தைப் பார்த்தால் இளக்காரமாகவும் இருக்கும். திறந்தாள். முத்திரை, வெள்ளிக்கிழமை, திருத்தம். அப்புறம் வெள்ளை, பளீரென்று, என் கண் கூசுகிற வெள்ளை. “ஒன் சிஸ்டமும் ஓட்ட சிஸ்டம்” என்றேன். நான் எட்டி அவள் மவுஸைப் பிடித்து, எரிச்சலில் அந்த வெள்ளைமேல் இழுத்தேன், சும்மா, கோபத்தில் மேஜையில் தட்டுகிறதில்லையா அப்படி, இழுத்த இடமெல்லாம் நீலம் பரவியது, நீலத்துக்குள்ளே எழுத்து எழுந்து வந்தது. மேற்கண்ட கலந்தாய்வு நிர்வாகக் காரணங்களால். மவுஸை விட்டேன், மறைந்தது. இழுத்தேன், வியாழக்கிழமை. விட்டேன், இல்லை. இருக்கிறது, அங்கேயேதான் இருக்கிறது, வெள்ளைமேல் வெள்ளையாக இருக்கிறது. ஜெஸிந்தா மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “ஆடியிலயே சொன்னேம்லா சார், ஹாஸ்டல் திருத்தம் தெரியலன்னு. நீங்கதான் மொதல்ல முத்திரய நேராக் குத்தப் படின்னு சொன்னீங்க.” சொன்னேன், ஞாபகம் இருக்கிறது, அன்றைக்குப் பக்கத்துப் பிரிவுக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவைத்தேன்.

அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, தெரியாமல் இருந்தால் எவ்வளவு நிம்மதி. போன வருஷம் சித்திரையில் ஒற்றைத் தலைவலி மண்டையைப் பிளந்தது, வெள்ளைத் திரையைப் பார்த்தாலே வாந்தி வந்தது. அப்போது பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொண்டேன், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வெள்ளையைக் கறுப்பாக்கி, கறுத்த எழுத்தை வெள்ளையாக்கிக் காட்டுகிற ஒரு சின்ன ஒட்டு, ஒரு நிமிஷ வேலை. யாரையும் கேட்கவில்லை, நான் யாரைக் கேட்பது, என்னைத்தானே எல்லாரும் கேட்க வேண்டும். தலைவலி போய்விட்டது. அந்த ஒட்டு எனக்கு மட்டும் சாயம் பூசிக் காட்டுகிறது என்றுதான் நினைத்திருந்தேன், மூக்குக் கண்ணாடி மாதிரி, போட்டிருக்கிறவனுக்கு மட்டும். அந்த முட்டாள் ஒட்டோ நான் டைப் அடிக்கிற பெட்டிக்குள்ளேயும் புகுந்து என் எழுத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறது, நான் சேமித்தபோது எழுத்தோடு வெள்ளையும் சேர்ந்து போய்விட்டது. எனக்குப் பின்னணி கறுப்பு, தெரிகிறது. ஊரில் மற்ற அத்தனை பேருக்கும் பின்னணி வெள்ளை. பெரிய அறிவிப்புகள் எல்லாம் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஸ்கேன் செய்து ஏற்றுகிறவை, அவற்றுக்கு ஒன்றுமில்லை, தலைப்புக்கும் ஒன்றுமில்லை, அது பொத்தானை அழுத்தினால் தளமே போடுவது. நான் கையால் அடித்தவை மட்டும். என் கைபட்டவை மட்டும். எண்ணிப் பார்த்தேன், சித்திரையிலிருந்து இருபத்தொரு திருத்தம். விடுதி விண்ணப்பத்தின் கடைசி நாள் ஒன்று, தொலைநிலைத் தேர்வின் மைய மாற்றம் மூன்று, பட்டமளிப்புக்கு வரவேண்டிய வாசல் எது என்று ஒன்று. தேர்வு மையத்துக்காக ஒரு ஆள் திரும்பத் திரும்ப ஏழு மெயில் போட்டான், கடைசி மெயிலில் ப்ளீஸ்கூட இல்லை, சரி சார் என்று மட்டும் இருந்தது, அவனுக்கும் நிதானமாகப் படிக்கவும் அனுப்பினேன். வியாழக்கிழமை வந்த அறுபது பேர் எப்படி வந்தார்கள் என்று இப்போது புரிகிறது, சேர்க்கைப் பிரிவுக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள், அங்கே எவனோ ஒரு சோம்பேறி, நான் வாயைத் திறந்தாலே திட்டுகிற சோம்பேறி, வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சு என்று இரண்டு சொல் சொல்லியிருப்பான். இவள் மட்டும் என் நம்பரைப் பிடித்தாள். வராதவர்கள் பன்னிரண்டு, மனு போட்டது ஒருத்தி. மீதிப் பதினோரு பேர் தங்கள் கண்ணைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பதினொன்று பத்து. ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிவிட்டால் என்ன, குற்றாலிங்கத்திடம் போய், சார், தப்பு நம்முடையதுதான், என் பிரவுசரில் இருந்த ஒரு ஒட்டு செய்தது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அந்தப் பெண்ணுக்கு அந்தக் கூடுதல் இடத்தைக் கொடுத்துவிடலாம் என்றால் என்ன. பச்சை மை தயாராக இருக்கிறது, ஒரு வாக்கியம், அவள் இன்றைக்கே சேர்ந்து, காகிதத்தோடு சாயங்காலப் பஸ்ஸில் போய்விடுவாள். என் வேலை போகாது, ஒரு மெமோ வரும், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். மெமோவுக்கு யார் பயந்தார்கள். அப்புறம் குற்றாலிங்கம் சிரிப்பான், அவன் சிரிப்பு எனக்குத் தெரியும், பல்லே தெரியாமல் மீசை மட்டும் அசைகிற சிரிப்பு. என்னவே, ஒம்ம கண்ணுக்கு மட்டும் தெரியுத மாதிரி பதினாலு மாசமா போட்டுருக்கீரு என்பான். கேன்டீனில் சொல்வார்கள், சேர்க்கைப் பிரிவுச் சோம்பேறி சொல்வான், நான் யார் யாரைப் பார்த்தெல்லாம் கூடம் கோணல் என்று சொன்னேனோ அவன் எல்லாம் என் மேஜைக்கு வந்து, சார் தெரியுதா என்று கேட்பான். ஜெஸிந்தா சிரிக்கமாட்டாள், அதுதான் இன்னும் மோசம். இதை நினைக்கும்போதே கை போய் எக்ஸ்டென்ஷனை அணைத்துவிட்டது. திரை பளீரென்று வெளுத்தது, கண்ணில் கத்தி இறங்கினாற்போல. பக்கத்தைத் திருத்தப் பெட்டியில் திறந்தேன், எழுத்தை மொத்தமாகப் பிடித்து அதன்மேல் ஏறியிருந்த சாயத்தை நீக்கினேன். பழுது பார்க்கிறேன், அவ்வளவுதான், தப்பு என்று தெரிந்தபின் ஒரு நிமிஷம்கூட அதை அப்படியே விடக்கூடாது, இது என் கடமை, எந்த விசாரணையிலும் யாரும் இதைக் குறை சொல்ல முடியாது. சேமித்தேன். எப்போது எது மாற்றப்பட்டது என்கிற பதிவு உள்ளே இருக்கும், அதைப் பார்க்கத் தெரிந்தவன் இந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். ஜெஸிந்தா தன் திரையைப் பார்த்தாள். அங்கே நாலு வரி கறுப்பாக வந்து நின்றதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் முத்திரையை எடுத்து ஒரு தபால்மேல் குத்தினாள், நேராகத்தான் விழுந்தது. அவளுக்கு மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு என் குறிப்பு வேண்டும், அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று நான் கணக்குப் போட்டேன், போட்ட கையோடு என்னைக் காறித் துப்பலாம் போலிருந்தது. நாலாவது அச்சை எடுத்தேன். எல்லாம் இருந்தது.

குற்றாலிங்கத்தின் அறையில் ஏ.சி. அதிகம். சண்முகக்கனி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், இருபத்துமூன்று இருக்கும், கையில் விரிசல் விழாத போன், நான் விரிசலை எதிர்பார்த்தேன். மேஜைமேல் தன் போனை வைத்து, புதன்கிழமை எடுத்த படத்தைக் காட்டினாள், திருத்தம், கீழே வெள்ளை. குற்றாலிங்கம் அதைத் தொடாமல் பார்த்துவிட்டு என் அச்சைப் பார்த்தார். பிறகு தன் கணினியைத் திருப்பிப் பக்கத்தைத் திறந்து, “இந்தா இருக்கேம்மா, கறுப்பா கொட்ட எழுத்துல. ஒன் போன்ல ஏதாம் கோளாறா இருக்கும். இப்பம் தொறந்து பாரு” என்றார். அவள் தன் போனில் திறந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. விரலால் மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், மூடிவிட்டு மறுபடி திறந்தாள். படத்தையும் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைய நாலு வரியையும் படித்தாள். “இப்பம் இருக்கு சார்” என்றாள், குரல் சின்னதாகிப் போயிருந்தது. “அன்னிக்கு நெட்டு சரியா இல்லாம இருந்திருக்கும்போல. பக்கத்து வீட்டு அண்ணன் போன்லயும்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். குற்றாலிங்கம் என்னைப் பார்த்து, “என்ன ஆவுடையப்பன், நீரு ஏதும் சொல்லணுமா?” என்றார். தொண்டைக்குள் அந்த வாக்கியம் இருந்தது, சார், தப்பு நம்முடையதுதான், முழுசாக, முற்றுப்புள்ளியோடு இருந்தது. கண் இன்னும் அந்த வெள்ளையில் கூசிக்கொண்டிருந்தது. “ஒண்ணும் இல்ல சார்” என்றேன்.

அப்போது அவள் எழுந்து நின்றாள். குற்றாலிங்கத்தைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். “மன்னிச்சிருங்க சார். நான்தான் சரியாப் பாக்கல. ஒங்க பேர்ல போயி அவ்வளவு பெரிய ஆளுக்கு எழுதிக் குடுத்துட்டேன், ஒங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும்” என்றாள். பொய்யாகவோ கேலியாகவோ சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டாள், என்னை நினைத்து வருத்தப்பட்டாள். பதினாலு மாதத்தில் அந்த வெள்ளையைப் பார்த்து எனக்கு எழுதிய ஒருவரிடமும் நான் இப்படி ஒரு சொல் சொன்னதில்லை. குற்றாலிங்கத்துக்கு மனசு இளகிவிட்டது, “சரிம்மா, மனுவ வாபஸ் வாங்குதேன்னு அதுலயே ஒரு வரி எழுதிக் குடுத்துரு, ஒனக்கு ஒரு பிரச்சினையும் வராது, அடுத்த வருசம் போடு” என்றார். அவளுக்குப் பள்ளிக்கூடத்து இடம் அடுத்த வருஷம்வரை நிற்காது என்று மனுவின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, அவர் முதல் பக்கத்தை மட்டும்தான் படித்திருக்கிறார். மனுவின் கீழே இடம் இருந்தது. மேஜையின் ஓரத்தில் குனிந்து எழுதினாள், அழகான கையெழுத்து, கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. அறிவிப்பு இணையதளத்தில் தெளிவாகவே இருந்தது, நான் கவனிக்கத் தவறிவிட்டேன், அலுவலகத்தின்மேல் தவறு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள். பிறகு தான் எழுதியதையே ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள், கண்ணைக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய். அதன்பிறகும் நம்பிக்கை வராமல், காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

“சார், நான் எழுதுனது எல்லாம் சரியா இருக்கான்னு நீங்களே ஒருதடவ பாத்துச் சொல்லிருங்க சார். என் கண்ண நம்ப முடியல.”

வாங்கிப் பார்த்தேன். நீல மையில் மூன்று வரி இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லிக் குற்றாலிங்கத்திடம் கொடுத்தேன்.